பங்கு பிரியாத மாளிகை

கரையான்சாவடி,
ஞாயிறு.

அன்புத் தம்பி அஸ்கருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் பிள்ளைகளும் லண்டன் குளிரில் நல்ல சுகத்தோடு இருக்க துஆ செய்கிறேன். இங்கே முழங்கால் வலியைத் தவிர எனக்குக் குறை ஒன்றுமில்லை. போனில் பேசினால் நீ அவசரப்படுவாய், நான் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

நீ அனுப்பிய படங்கள் வந்தன. குதிரைச் சேணம் விற்க இங்கிலாந்துக்குப் போன அத்தா அந்தக் காலத்தில் பார்த்து மயங்கி வந்த அதே பிரபு மாளிகைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போயிருக்கிறாய். அந்தத் தூண்களையும் புகைபோக்கியையும் பார்த்ததும், அதே மாதிரியில் அத்தா நம் வீட்டைக் கட்டிய நாட்கள் ஞாபகம் வந்தன. ஹாலில் கணப்பு அடுப்பு வைக்க வேண்டும் என்று அத்தா சொன்னதும், மேஸ்திரி சம்பந்தம், "இன்னா பாய், பூந்தமல்லி வெயில்ல எவன் குளிர் காயப் போறான்?" என்று தலையில் கை வைத்தார். அத்தா கேட்கவில்லை. இன்றுவரை அதில் நெருப்பு மூட்டியதில்லை. புகைபோக்கியில் புறாக்கள்தான் குடித்தனம் நடத்துகின்றன. கல்யாண ஜோடிகள் வாசல் தூண்களில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு வருகிறார்கள்.

அத்தா அங்கே கட்டடத்தை மட்டும் பார்த்து வந்திருந்தால் பரவாயில்லை. அத்தனை தலைமுறையாக அந்த மாளிகை எப்படித் துண்டாகாமல் நிற்கிறது என்று அங்கே கேட்டிருக்கிறார். மூத்த மகனுக்கு மட்டும் முழுசாகப் போய்விடும், மற்றவர்களுக்குப் பங்கில்லை என்றார்களாம். அதைச் சாப்பாட்டு வேளையில் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! சொன்னதோடு நிற்காமல், உயிரோடு இருக்கும்போதே வீட்டை உன் ஒருவன் பேருக்கு எழுதியும் வைத்துவிட்டார். உனக்கு மூத்தவள் நான். இளையவள் மஹீரா. எங்களுக்கு ஒரு செங்கல் கூட இல்லை. சட்டப்படி அதில் பிழையில்லை. நான் வக்கீலிடம் போகவில்லை, போகவும் மாட்டேன்.

அந்தப் பிரபு குடும்பத்தார் இப்போது அங்கே இல்லை, டிக்கெட் வாங்கித்தான் பார்த்தோம் என்று எழுதியிருக்கிறாய். பங்கில்லாமல் அந்த வீட்டைவிட்டுப் போன பெண்கள் என்ன ஆனார்கள் என்று சுற்றிக்காட்டியவர் ஏதாவது சொன்னாரா?

மஹீரா வீட்டுக்காரர் அஜ்மல் வேலை பார்த்த திருமழிசை கம்பெனியை மூடிவிட்டார்கள். வாடகை வீட்டில் இருக்கிறார்கள். பெருநாளுக்கு அவளை அழைத்தேன். வந்தவள் கேட்டைத் தாண்டவில்லை. "இது அஸ்கர் ஊடு, அக்கா. விருந்தாளியா வந்து நான் இன்னா பண்ணப் போறேன்?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள். அத்தா கடைசி நாட்களில் அவளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார், ஆனால் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

அத்தா பேர் போட்டுப் பலகை வைத்து, வீட்டை இப்படியே காப்பாற்ற வேண்டும், நான் கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறாய். வேண்டாம் தம்பி. மார்க்கம் சொன்னபடி உனக்கு இரண்டு பங்கு, எங்களுக்கு ஆளுக்கு ஒன்று. அப்படிப் பிரி. அதற்காக இடித்து விற்க வேண்டியிருந்தாலும் சரி. என் வீட்டுக்காரர் காலமானபின் எனக்கிருக்கும் ஒரே கூரை இதுதான். தெரிந்தேதான் சொல்கிறேன்.

நீ வந்து அடக்கம் செய்துவிட்டுப் போய் எட்டு மாதமாகிறது. மஸ்ஜிதில் ஜனாஸா தொழுகைக்கு முன் நீ எழுந்து நின்று, என் அத்தா யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால் என்னிடம் கேளுங்கள், மனம் நோக நடந்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள் என்றாயாம். யாரும் முன்வரவில்லை என்று அஜ்மல் வந்து சொன்னார். எப்படி வருவார்கள்? வெளியே ஒருவருக்கும் அத்தா பாக்கி வைத்ததில்லை. அவர் கொடுக்க வேண்டிய இரண்டு பேரும் பெண்களோடு பெண்களாக வீட்டுக்குள் இருந்தோம். எங்களிடம் வந்து யாரும் கேட்கவில்லை.

நான் மன்னித்துவிட்டேன். மஹீராவுக்காக நான் மன்னிக்க முடியாது. நீ வந்து அவளிடம் கேள், தம்பி. வெறுங்கையோடு கேட்காதே. அத்தா கப்ருக்குழியில் காத்துக்கொண்டிருக்கிறார்.

அல்லாஹ் உனக்கு நல்ல மனதையும் நீண்ட ஆயுளையும் தரட்டும்.

உன் அக்கா,
ரைஹானா