பெங்களூருக்குப் போன பாம்பு

12-6-1998, வெள்ளி

கம்ப்யூட்டர் எனக்கு அத்துப்படி என்று அண்ணன் மகள் மாலதியிடம் பீற்றிக்கொண்டேன். உண்மையில் ஸ்விட்ச் போட மட்டும்தான் தெரியும்.

அவள் சொந்தமாக எழுதிய கம்ப்யூட்டர் பாம்பு விளையாட்டைப் படமாகப் பதிந்து, ஐந்து மணி பஸ்ஸில் பெங்களூர் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் வேலை கொடுப்பார்களாம். பதிவு செய்யும் சாஃப்ட்வேரை ஏற்றி மூன்று முறை பதிந்தாள். மூன்றும் வெறும் கறுப்பு. மணி நாலாகிவிட்டது.

"பாம்புக்கு வெட்கம்டி, பொண்ணு பார்க்க வந்த மாதிரி."

"சும்மாயிரு அத்தே! இந்த வேலை போச்சுன்னா அப்பா எனக்கு அந்த ஏற்பாட்டைத்தான் பண்ணுவார்."

பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

செட்டிங்கில் எதையோ மாற்றினாள். நாலாவது முறை படம் விழுந்தது. சத்தம் கேட்டுப் பார்க்க நேரமில்லை. வீடியோ கேசட்டில் ஏற்றி, அக்ரஹாரத்திலிருந்து ஸ்கூட்டரில் பறந்து, கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

பஸ் போன பிறகு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். மைக்கும் சேர்ந்து பதிந்திருக்கிறது. பாம்பு அழகாக வளைந்து ஓடுகிறது. "ஐயோ, சாம்பார் தீயுதுடி, அடுப்பை அணைடி!" என்று நான் கத்துவது தெளிவாகக் கேட்கிறது.

சாம்பார் தீய்ந்தது உண்மைதான்.