நான் மறுத்துப் படித்த உன் கட்டுரை

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். தீர்த்தம் அழுக்கு என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை.

இன்று காலை கோவில் வாசலில், அப்போதுதான் கழுவி நிரப்பிய தீர்த்தத் தொட்டியைச் சுற்றி பிளீச்சிங் பவுடர் வாசனை. விரல் நனைத்துச் சிலுவை போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு பெண் தன் மகளிடம், "தீர்த்தமே அழுக்குன்னு ஒரு டீச்சர் சொன்னாங்களாம்டி" என்றாள். திரும்பி நின்றேன். "தொட்டியைத் தேய்க்கணும்னுதான் சொன்னாங்க. இரண்டும் வேற" என்றேன். வேதியியல் கற்பித்தவளால் இதைக் கேட்டும் கேட்காததுபோல் போக முடியவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன்பு, தோழி, அடையாற்றில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்திக்கொண்டிருந்தாய். ஒரு சனிக்கிழமை, ராஜா அண்ணாமலைபுரத்தில் என் சாப்பாட்டு மேசையில் மூடிய கண்ணாடித் தட்டு ஒன்றை வைத்தாய். உள்ளே மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள்.

"நம்ம கோவில் தீர்த்தத்துல ஒரே ஒரு சொட்டு. மூணு நாள்ல இவ்வளவு."

"முதல்ல அதை என் மேசையிலேர்ந்து எடுடி."

செய்தி பரவியது. கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை அந்தோணி உன்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னா டீச்சர், சாமி தண்ணில பூச்சி கீதுன்னு சொல்லிக்கினு கீறீங்களாமே?"

"கிருமி, அந்தோணி. தொட்டியைத் தேய்ச்சு எவ்வளவு நாளாச்சு?"

"மந்திரிச்ச தண்ணி கீற தொட்டிய இன்னாத்துக்கு டீச்சர் தேய்க்கணும்?"

என்னிடம் திரும்பிச் சொன்னாய்: "இந்தக் கேள்விக்குத்தான் கட்டுரை எழுதப்போறேன்."

மாதம் ஒருமுறை என் வீட்டில் கூடிய நாம் ஆறு பெண்களும் அறிவியல் படித்தவர்கள், ஜெபிக்கிறவர்கள். எழுதியவள் தன் கட்டுரையைப் படிக்கக் கூடாது என்பது நம் வழக்கம். அதை அதிகம் மறுப்பவள் படிக்க வேண்டும். ஒரு வரி குறையாமல் படித்த பிறகே மறுக்கலாம். உன்னுடையது என்னிடம் வந்ததில் யாருக்கும் வியப்பில்லை. அருள் தண்ணீருக்கு இயற்கையின் விதிகளிலிருந்து விலக்கு வாங்கித் தருவதில்லை; அந்த விதிகளை அறிந்து, அடுத்து விரல் நனைக்கப்போகிறவளுக்காகத் தொட்டியைத் தேய்ப்பதும் ஜெபமே என்று எழுதியிருந்தாய்.

பாதிரியார்களை உருவாக்கும் குருமடத்துக் கருத்தரங்குக்கு அனுப்பினோம். விசுவாசத்தைக் குலைக்கும் என்று திருப்பி அனுப்பினார்கள். வேண்டுமானால் பெண்கள் தொடக்க ஜெபத்தை நடத்தலாம் என்றும் பொறுப்பாளர் ஃபாதர் எழுதியிருந்தார். நான் கொதித்தேன். நீ கடிதத்தை மடித்தபடி, "ஜெபம்தானே, நடத்திட்டாப் போச்சு" என்றாய். மறுநாள் பூசைக்கு முன்பே பிரஷ்ஷோடு கோவிலுக்குப் போனாய். அந்தோணி முணுமுணுத்துக்கொண்டே வாளியைத் தூக்கி வந்தார்.

சென்ற மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். போன வாரம் அதே குருமடம் நம்மை அழைத்தது. இப்போது அங்கே பாடம் நடத்துபவர்களில் ஒருவர் இயற்பியல் படித்த கன்னியாஸ்திரி. உன் கட்டுரையைத்தான் கேட்டார். நம் வழக்கப்படி நானே படித்தேன். எனக்கு உடன்பாடில்லாத வரிகளை இன்னும் நிமிர்ந்து படித்தேன். முடித்தபோது மண்டபம் முழுவதும் எழுந்து கைதட்டியது. அன்று திருப்பி அனுப்பிய ஃபாதர் கைத்தடியோடு முன்வரிசையில் இருந்தார்.

"இதை நான் அப்பவே ஒழுங்காப் படிச்சிருக்கணும்மா."

"படிக்கத்தான் அனுப்பினோம், ஃபாதர்."

சிரித்துவிட்டு ஒரு பிரதி கேட்டார். வரும் ஆண்டிலிருந்து அது அங்கே பாடம், உன் பெயரோடு. ஜெயித்துவிட்டாயடி!

ஆனால் என் மறுப்பை நான் கைவிடவில்லை. தேய்ப்பதே ஜெபமென்றால், ஆசீர்வாதம் என்னதான் செய்கிறது? அன்று கேட்டபோது, "தெரியலைடி, தெரியலைன்னே எழுதிக்கோ" என்றாய். நான் எழுதவில்லை. என் கணவரின் சவப்பெட்டிமேல் தீர்த்தம் தெளித்தபோதும், உன் பெட்டிமேல் தெளித்தபோதும் எனக்குள் ஏதோ நடந்தது. அது என்னவென்று சொல்லத் தெரியாமல் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

இந்த மடலை எங்கள் குழுவின் இதழில் படிக்கும் பெண்களே, உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் தயவுசெய்து எனக்கு எழுத்தில் அனுப்புங்கள்.