ஈயப் பெட்டியில் எங்கள் பேட்ஜ்கள்

மார்ச் 3, காலை 07:10
நிலவின் தென்முனை, அணு உலை நிலையம். எழுதுவது செண்பகவல்லி, உலைப் பொறியாளர். உடன் இருப்பவர் மெக்கானிக் தாவீது. குளிர்விப்புக் குழாயில் சிறு கசிவு. இருவரும் உள்ளே போய் அடைக்கப்போகிறோம். உடம்பில் ஏறும் கதிர்வீச்சைக் கணக்கிடும் பேட்ஜ்களை வழக்கம்போல, கதிர் புகாத ஈயப் பெட்டியில் வைத்தாயிற்று. பேட்ஜில் அளவு தாண்டினால் அடுத்த கப்பலில் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள், வேலை போய்விடும். இங்கே எல்லோரும் செய்வதுதான்.

மார்ச் 3, மாலை 18:40
கசிவு அடைபடவில்லை. சுவர் மீட்டரின் முள் கடைசிக் கோட்டில் முட்டி நிற்கிறது. இருவருக்கும் ஓயாத வாந்தி. தாவீதின் கைகள் வெந்து வீங்கிவிட்டன. விதிப்படி அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதினேன், பூச்சு எதுவும் இல்லாமல்: கொல்லும் அளவு கதிர்வீச்சு, வழியில் இருக்கும் மாற்றுக் குழு இங்கே இறங்கக் கூடாது.

தலைமையகத்திலிருந்து மகுடபதி:
"மேடம், 'லீத்தல்'லாம் போடாதீங்க, மேலே பயந்துருவாங்க. 'ஸ்லைட்லி எலிவேட்டட்'னு மாத்திட்டேன். உங்க ரெண்டு பேர் பேட்ஜும் நார்மல்னுதானே காட்டுது?"

பேட்ஜ்! நிலவிலேயே சுத்தமான பொருள் அதுதான்.

மார்ச் 5
தாவீது போய்விட்டார். கடைசியில் கையுறையோடு தோலும் கழன்று வந்தது. திருத்திய அறிக்கை வந்திருக்கிறது. வாந்திக்கு 'மைல்ட் டிஸ்கம்ஃபர்ட்'. தாவீதுக்கு 'அட்வெர்ஸ் அவுட்கம்'. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன், இவர்கள் பிணத்தையே மறைக்கிறார்கள். தூ! என் வாயிலிருந்து வரும் ரத்தம்கூட இந்த அளவுக்கு எனக்கு அருவருப்பாக இல்லை.

மாற்றுக் குழுவில் நான்கு பேர். அவர்கள் கையில் இருப்பது இந்த அறிக்கைதான். கப்பல் பக்கத்தில் வந்தால் என் ரேடியோ எட்டும். இறங்காமல் திரும்ப எரிபொருள் இருக்கிறது. அதுவரை நான் இருக்க வேண்டும்.

மார்ச் 6, நேரம் தெரியவில்லை, கண் மங்கல்
கப்பல் எட்டியது. தொண்டை புண். "வராதீங்க... கதிர்வீச்சு..." இவ்வளவுதான் வந்தது.

கப்பலிலிருந்து பதில், ஒரு பெண் குரல்:
"அக்கா, நான் பெர்னத். ரிப்போர்ட் படிச்சோம், லேசாதான்னு போட்டிருக்கே. பயப்படாதீங்க, நாங்க பேட்ஜெல்லாம் அப்பவே கழட்டி பெட்டியில வெச்சாச்சு. வயித்துக்கு ஓமவாட்டர் கொண்டு வர்றோம்."

திரும்பக் கூப்பிட்டேன். குரல் எழவில்லை. தரை அதிர்கிறது. இறங்கிவி

உள்கதவைத் தட்டுகிறார்கள். சிரிப்புச் சத்தம். உள்பூட்டைப் போட எழுந்தேன், கால்

திறக்கிறா