குதிரை வாங்கின அடி

சாப்பாடு ஃப்ரிட்ஜ்ல இருக்கு. உங்க அக்காவுக்கும் சேர்த்துத்தான் செஞ்சேன். உப்பு போடல. எப்படிச் செஞ்சாலும் வாயில வைக்க முடியலைன்னுதான் சொல்லப்போறாங்க, இந்தத் தடவை உண்மையாவே இருக்கட்டும்.

நீங்க டிவியில விளையாடுற அந்த கேம்ல ஓநாய்க் கூட்டத்துக்குள்ள போயிட்டு வந்தாலும் உங்க உயிர் குறையறதில்ல, குதிரை மட்டும் ஏன் திடீர்னு சாகுதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டீங்களே, கண்டுபிடிச்சிட்டேன். நீங்க மேல உக்காந்திருக்கிற வரைக்கும் உங்களுக்கு விழற அடியும் அதுக்குத்தான் போகுது.

காலையில நீங்க தூங்கும்போது உங்க கேமைத் திறந்து, வேணும்னே ஓநாய்ங்க நடுவுல கொண்டுபோய் நிறுத்தினேன். உங்க ஆளுக்கு ஒரு கீறல் இல்ல. குதிரை அத்தனையும் வாங்கிட்டு, சத்தமே போடாம சாஞ்சிருச்சு. ஆமா, நீங்க பேர் வச்சுக் கொஞ்சுவீங்களே, அந்த வெள்ளைக் குதிரைதான். அப்படியே சேவ் பண்ணிட்டேன், இனி அது திரும்ப வராது.

போன ஞாயிற்றுக்கிழமை உங்க அக்கா என்னை வாங்கு வாங்குன்னு வாங்கினப்போ, பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுத் தின்னீங்க. அப்புறம், "அக்கா அப்படி ஒண்ணும் தப்பாப் பேசலையே"ன்னீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?

நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். என் சாவியை ஷூ ஸ்டாண்டு மேலேயே வச்சிட்டேன்.

பி.கு: இன்னொண்ணும் கவனிச்சேன். குதிரை செத்த பிறகும் ஓநாய்ங்க திரும்பிப் போகல. அடுத்த கடி நேரா உங்க ஆள் மேலதான் விழுந்துச்சு.

அக்கா நாலு மணிக்கு வர்றாங்க. ஒரு வாரம் தங்குவாங்களாம்.