கிரைண்டர் ஓடியபோது கேட்ட கிட்டார்

மாப்ள,

இன்று காலை உன் ஆம்ப்ளிஃபயர் பொட்டியைப் போட்டேன். கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவந்தன. அவற்றின் மேல் படிந்திருந்த தூசி சூடேறி, அறை முழுக்க அந்த வாசனை. சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "அண்ணே வந்தாப்புல இருக்குங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தருகிற அந்தப் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஓர் அரிசி மூட்டை கனம். அதைத் தூக்கிக்கொண்டுதான் மதுரையைச் சுற்றி ஒரு ஊர் விடாமல் கச்சேரிக்குப் போனாய். திருவிழா, காதுகுத்து, கல்யாண வரவேற்பு, எதையும் விட்டதில்லை. நெஞ்சில் ஆபரேஷன் ஆனதும் டாக்டர் பாரமே தூக்கக்கூடாது என்றுவிட்டார். கச்சேரிக் குழுவில் ஏதோ சின்னப் பொட்டியைக் கொடுத்துப் பார்த்தார்கள். "வேற பொட்டியில வாசிச்சா என் கையே எனக்கு அடையாளம் தெரியல மாப்ள" என்று சொல்லி, கிட்டாரை உறையில் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டாய். கோரிப்பாளையத்தில் உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த உறையைப் பார்க்கவே ஆத்திரமாக இருக்கும். ஊருக்கே தெரிந்த வாயாடி நீ, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாய். உன் வீட்டம்மா வாசல்வரை வந்து, "எப்படியாச்சும் இவுகள வாசிக்க வையுங்கண்ணே" என்றார்.

நான் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். "ஒன் பொட்டி சத்தத்த லேப்டாப்புக்குள்ள கொண்டாந்துட்டா வாசிப்பியா?" என்று கேட்டேன். "சத்தம் என்ன புளிக்கொழம்பா, தூக்குச்சட்டியில ஊத்திக் கொண்டு போறதுக்கு?" என்று கேலி பண்ணினாய். ஆனாலும் மறுநாளே ஆட்டோ பிடித்து, டிரைவரைத் தூக்கச் சொல்லி, விளாங்குடியில் என் வீட்டு வாசலில் பொட்டியோடு வந்து இறங்கினாய். கூடவே ஒரு ஸ்டெபிலைசர். "ஒங்க ஏரியா கரண்ட்ட நம்ப முடியாது. வால்வு போச்சுன்னா வேற கெடைக்காது" என்றாய்.

நீ வாசிக்க, பொட்டிக்குள் போவதையும் வெளியே வருவதையும் நான் பதிவு செய்தேன். வால்வு சத்தத்தை எங்கே நசுக்குகிறது, எங்கே கரகரப்பாக்குகிறது என்று அளந்து கணக்காக எழுதினேன். திரையில் பொட்டியின் அலையும் என் புரோகிராமின் அலையும் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தன. நான் மார்தட்டிக்கொண்டேன். நீ வாசித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாய்.

"மேடையில இது இம்புட்டு வெறப்பா நிக்காதே மாப்ள."

"போடா, நீயும் ஒன் காதும்! பொட்டியிலயே வாசிச்சுப் பாரு."

பார்த்தாய். பொட்டியும் விறைப்பாகத்தான் நின்றது. உன் முகம் செத்துப்போயிற்று. "அப்ப பொட்டியும் போச்சா?" என்று கேட்டாய்.

அன்றைக்கென்று பார்த்து எங்கள் ஃபிரிட்ஜுக்கு வைத்திருந்த ஸ்டெபிலைசர் புகைந்துவிட்டது. பால் கெட்டுப்போகுமே என்று என் மனைவி உன்னுடையதைக் கேட்டு வாங்கிப் போனாள். நீயும் விட்டது தொல்லை என்பதுபோல் கொடுத்துவிட்டாய். பொட்டியை நேராகச் சுவர் பிளக்கில் செருகி, "ஒருவாட்டி வாசிச்சுட்டு எடுத்துட்டுப் போறேன்" என்று கம்பிகளை ஓங்கி அடித்தாய். அதே நேரம் சமையலறையில் கிரைண்டர் ஓடத் தொடங்கியது. பல்பு மங்கியது. உன் சத்தம் ஒரு கணம் அமுங்கி, பிறகு மெல்ல எழுந்து, குழைந்து நீண்டது.

"இதுதேன்! அல்லா, இதுதேன் மாப்ள! தங்கச்சி, கிரைண்டர நிறுத்திறாத!"

எந்த மேடையில் உனக்கு முழுக் கரண்ட் கிடைத்தது? சீரியல் பல்பு செட்டும் குழாய் ரேடியோவும் தின்றது போக மிச்சம்தானே உன் பொட்டிக்கு! ஜெனரேட்டர் திணற, அரை வயிற்றோடு அது பாடிய பாட்டைத்தான் நீ இத்தனை வருஷம் உன் சத்தம் என்று நினைத்திருந்தாய். நாம் இரண்டு பேரும் அதை ஸ்டெபிலைசர் போட்டு ராஜா மாதிரி உட்காரவைத்துவிட்டோம். விழுந்து விழுந்து சிரித்தோம்.

கிரைண்டர் ஓட ஓட அளந்தேன். "அண்ணே, மாவு சூடேறிப் போச்சு, இட்லி கல்லாத்தேன் வரும்" என்று என் மனைவி சத்தம் போட்டாள். "கல்லா இருந்தாலும் நான் திங்கிறேன், நீ ஓட்டு தங்கச்சி!" என்றாய். சொன்னபடி தின்றாய். அந்த வாரம் முழுக்க அவள் உளுந்து ஊறப்போட்டுக்கொண்டே இருந்தாள். கரண்ட் இறங்கி ஏறுவதையும் புரோகிராமுக்குள் எழுதி, அதற்கென்று திரையில் ஒரு திருகு குமிழ் வைத்து, 'கிரைண்டர்' என்று பெயர் போட்டேன்.

மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. மைக் செட்காரர், "பொட்டி எங்கண்ணே?" என்று கேட்டார். நீ லேப்டாப்பைத் தட்டி, "மடியில கெடக்கு" என்றாய். முதல் பாட்டு முடிவதற்குள் பந்தியிலிருந்து பாதிப் பேர் இலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். உன் வீட்டம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அதற்குப் பிறகு நீ ஒரு முகூர்த்தத்தையும் விடவில்லை. போன மாதம் நீ போகும்வரை, வாசித்துக்கொண்டேதான் இருந்தாய். எனக்கு அதில் கொள்ளை சந்தோஷம்.

குழுவில் இப்போது புது கம்ப்யூட்டர், உன் சத்தம் அதிலும் வேண்டும் என்கிறார்கள். பழைய புரோகிராம் அதில் ஓடாது என்பதால் மறுபடி எழுதினேன். அலைகள் கச்சிதமாக உட்கார்கின்றன. ஆனால் அலையை நம்பி ஒருமுறை ஏமாந்தவன் நான். வாசித்துப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமே? உன் வீட்டம்மாவே பொட்டியையும் கிட்டாரையும் என்னிடம் அனுப்பிவிட்டார். நானே கற்றுக்கொள்கிறேன். கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பாய், அவ்வளவு கண்றாவி. இன்று காலை பொட்டியிலும் லேப்டாப்பிலும் மாறி மாறி அடித்தேன். கண்ணை மூடினால் எது எதுவென்று தெரியவில்லை. இடது கை விரல் நுனியெல்லாம் காய்ப்பு ஏறிவிட்டது. அந்தக் கையில் டீ கிளாஸைப் பிடித்தால் சூடே உறைக்கமாட்டேன் என்கிறது, மாப்ள.