சனிக்கிழமைக் குப்பி

இராஜபாளையம்,
14-8-1938, ஞாயிறு.

கர்த்தருக்குள் அன்பான அண்ணன் வேதசிரோமணி அவர்களுக்குத் தம்பி ஜேசுதாசன் எழுதிக்கொள்வது.

இங்கு யாவரும் சுகம் என்று தொடங்க எனக்கு வழியில்லை. சென்ற மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் என் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டு இன்னும் பிரிக்கவில்லை. சந்தனமேரியும் பிள்ளைகளும் கோவிலுக்குப் போயிருக்கிறார்கள். நான் காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நேற்றே ஒரு கடிதம் எழுதினேன். அதில் உங்களை நீ, வா, போ என்று எழுதியிருந்தேன். சந்தனமேரி வாசித்துப் பார்த்து, "மூத்தவியளுக்கு எழுதுத எழுத்தா இது?" என்று கேட்டு அடுப்பில் போட்டுவிட்டாள். அதனால் இதில் மரியாதை இருக்கும். கோபம் அப்படியேதான் இருக்கிறது.

ஜூன் மாதம் கமிஷன் கடைக்காகப் பருத்தி எடை போடச் சுந்தரபாண்டியம் போயிருந்தேன். அங்கே காலில் முள் ஏறியது. ஏறியதே எனக்குத் தெரியவில்லை அண்ணா. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது இரத்தத்தைப் பார்த்துச் சந்தனமேரிதான் அலறினாள். மஞ்சள் வைத்தோம், சுண்ணாம்பு வைத்தோம். ஒரு மாதம் ஆகியும் ஆறவில்லை. விரல் கறுத்து நாற்றம் வந்த பிறகு வண்டியில் தூக்கிப் போட்டுக் கொண்டுபோனார்கள்.

டாக்டரம்மா காலைப் பார்த்ததும் என் சிறுநீரைப் பிடித்து வரச் சொன்னார். கம்பவுண்டர் அதைக் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினார். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீலமாகவே நின்றால் நல்லது, பச்சையானால் கொஞ்சம் சர்க்கரை, செங்கல் நிறமானால் ஆபத்து. என்னுடையது செங்கல்.

அப்பா எதில் இறந்தார் என்று கேட்டார். முதுகில் ராஜபிளவை வந்து என்றேன். அதுவும் இந்தச் சர்க்கரையால் வந்திருக்கும், இது உங்கள் குடும்பத்தோடு வருகிற வியாதி என்றார். பிறகு பெரிய நோட்டைப் புரட்டி, உங்கள் பெயரில் விரலை வைத்தார். உங்கள் அண்ணனுக்கும் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை இதே செங்கல் நிறம், வாயைக் கட்டினார், மறு சனிக்கிழமையே நீலமாகிவிட்டது, அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார்.

அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். நான் கட்டிலில் கிடந்தபடி சனிக்கிழமைகளை எண்ணிப் பார்த்தேன்.

டிசம்பரில் நீங்கள் கொழும்பிலிருந்து வந்தீர்கள். உடம்பு சரியாக இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதம் இல்லாமல் திரும்பி வராதே என்று ஜவுளிக்கடை முதலாளி சொல்லியிருந்தார். முதல் சனிக்கிழமை உங்கள் குப்பி செங்கல் நிறம் காட்டியது. தினம் ஊசி போட வேண்டும், வாரா வாரம் குப்பி கொண்டுவர வேண்டும், குறைந்தால்தான் காகிதம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமை விடியற்காலை என் வீட்டுக் கொல்லைப்புறம் வந்து நின்றீர்கள். "ஏலே ஜேசு, இதுல செத்த பிடிச்சுக் குடு. ஒனக்குத்தான் ஒரு நோக்காடும் கெடையாதே" என்று குப்பியை நீட்டினீர்கள். நான் சிரித்துக்கொண்டே பிடித்துக் கொடுத்தேன்.

என் தப்பும் அதில் உண்டு, மறைக்கவில்லை. மூத்தவர் வேலை போய்விடக் கூடாது என்று நினைத்தேன். நான்கு சனிக்கிழமை கொடுத்தேன். ஒவ்வொரு வாரமும் திரும்பி வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கி, பாதியை வண்டியிலேயே தின்றுவிட்டு, மீதியை எனக்குக் கூலியாகக் கொடுத்தீர்கள். இலையை வழித்து நக்கினேன். அந்த நாளில்தான் எனக்குத் தாகம் தாகமாக வந்தது. செம்பு செம்பாகக் குடித்தேன். பனிக்காலத்தில் என்ன இப்படித் தாகம் என்று சந்தனமேரி கேட்டபோது நீங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள்.

ஐந்தாவது சனிக்கிழமை நீங்கள் கொல்லைப்புறம் வரவில்லை. அண்ணன் திருந்திவிட்டார், தன் குப்பியைத் தானே கொடுக்கிறார் என்று நினைத்து சந்தோஷப்பட்டேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

போன புதன்கிழமை ஜட்கா வண்டிக் கருத்தையா என்னைப் பார்க்க வந்தான். கட்டைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் தலையைச் சொறிந்தான். பிறகு, "அண்ணாச்சி கடைசித் தடவ எங்கிட்ட குப்பிய நீட்டுனாக. தம்பி இருக்காகளே, எங்கிட்ட எதுக்குன்னு கேட்டேன். தம்பிக்கு இப்பம் சரியில்லலேன்னாக" என்றான்.

தம்பிக்குச் சரியில்லை. இதை வண்டிக்காரனிடம் சொல்லத் தெரிந்தது உங்களுக்கு. என்னிடம் சொல்ல நாக்கு எழவில்லை. ஜனவரியில் செங்கல் நிறம் காட்டியது நான் கொடுத்த நான்காவது குப்பி. கம்பவுண்டர் குழாயைத் தூக்கிக் காட்டியபோது அது யாருடைய சிறுநீர் என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். கல்யாண வீட்டில் கை நனைத்துவிட்டேன் அம்மா என்று டாக்டரம்மாவிடம் சொன்னீர்களாம். அன்று சாயங்காலமும் எனக்குப் பால்கோவா கொண்டுவந்து கொடுத்தீர்கள். எப்படி அண்ணா கை வந்தது? "ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாலே" என்று சொல்லியிருந்தால் போதும். காரணம்கூடக் கேட்டிருக்க மாட்டேன். ஜனவரியில் நான் சுகமாக நடந்துகொண்டிருந்தேன். எனக்குப் பத்து விரலும் இருந்தது.

தராசுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிற வேலை எனக்கு. இனி நிற்க முடியுமா என்று கடையில் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். என்ன பதில் சொல்வது என்று நீங்களே எழுதுங்கள்.

டாக்டரம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நோட்டில் நீங்கள் நல்ல நோயாளியாகவே இருக்கிறீர்கள். சந்தனமேரிக்கும் பிள்ளைகளுக்கும் பார்த்தாகிவிட்டது. எல்லாம் நீலம், ஆண்டவருக்குத் தோத்திரம். உங்கள் பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் எழுதியும் மனம் ஆறவில்லை. ஆறாததற்கு வேறொரு காரணம் இருக்கிறது. உங்களுடைய சிறுநீரை அந்த முதல் சனிக்கிழமைக்குப் பிறகு யாருமே பார்க்கவில்லை. நான்கு வாரம் என்னுடையது, ஒரு வாரம் கருத்தையாவுடையது. அதை வைத்து டாக்டரம்மா ஊசியை நிறுத்திவிட்டார். எட்டு மாதமாக உங்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

ஏப்ரலுக்குப் பிறகு வந்த மூன்று கடிதமும் அண்ணி கையெழுத்து. கடையில் வேலை அதிகம், அதனால் அவிய சொல்ல நான் எழுதுகிறேன் என்று அண்ணி எழுதியிருந்தார்கள். ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் வேதம் வாசித்து முடித்துத்தான் படுக்கிற ஆள் நீங்கள். ஒரு கடிதம் எழுத நேரமில்லையா? டாக்டரம்மா சொன்னார், இந்த வியாதி காலை விட்டால் கண்ணைப் பிடிக்குமாம்.

ஆகவே அன்னத்தாய் அண்ணி, இதையும் நீங்கள்தான் வாசித்துக் காட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு வரிகூட விடாமல் உரக்க வாசியுங்கள். அவர் போதும் என்றாலும் நிறுத்தாதீர்கள். இந்த விஷயம் உங்களுக்கு இன்றுவரை தெரியாது என்றே நம்புகிறேன்.

சாகுல் ஹமீது பாய் செவ்வாய்க்கிழமை கொழும்புக் கடைக்குத் திரும்புகிறார். அவரிடம் இந்தக் கடிதத்தையும் துணியில் சுற்றி ஒரு குப்பியையும் கொடுத்தனுப்புகிறேன். அதே குப்பிதான், கருத்தையாவின் வண்டியில் கிடந்தது. சந்தனமேரி வெந்நீரில் மூன்று தரம் கழுவியிருக்கிறாள். இதில் அண்ணனுடையதை, அண்ணனுடையதை மட்டும் பிடித்து அங்கே உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பிடிக்கும்போது வெட்கத்தைப் பார்க்காமல் நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.

என்ன நிறம் வந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். அதை மட்டும் நீங்கள் எழுத வேண்டாம் அண்ணி. அவரை எழுதச் சொல்லுங்கள். எழுத்து வரியை விட்டு இறங்கினாலும் பரவாயில்லை, ஒன்றின்மேல் ஒன்று விழுந்தாலும் நான் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொள்வேன். கர்த்தர் அவர் கண்ணில் அந்த ஒரு வரிக்காவது வெளிச்சம் வைத்திருக்க வேண்டும் என்று மூன்று நாளாக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கோபம் தீராத தம்பி,
ஜேசுதாசன்.