என்ன தின்றது என்று டாக்டர் கேட்டார்

ஆரியசாலை, திருவனந்தபுரம்
14-6-1977, செவ்வாய்

அன்பு மிக்க நண்பர் நேசையன் அவர்களுக்கு,

பருப்பு, வத்தல் மொத்த வியாபாரி வன்னியபெருமாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் வீட்டுக்காரி உலகம்மாளும் மழையும் சுகம். குவைத்தில் நீரும் வெயிலும் சுகமாயிருக்க உம்முடைய கர்த்தரையும் என்னுடைய பத்மநாபனையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டேன். யார் பொறுப்பு என்று அவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

உம்முடைய மே மாதக் கடிதம் கிடைத்தது. நாலு பக்கம். மூன்று பக்கத்துக்குத் திவான்தான். திவான் சாப்பிடுகிறதா, மழையில் நனைகிறதா, காதுப் புண் ஆறியதா என்று. கடைசியில் ஓரமாக, நீரும் உடம்பைக் கவனியும் என்று எனக்கு ஒரு வரி. இருபது வருஷச் சிநேகிதத்தில் நீர் என்னிடம் விட்டுப்போன ஒரு நாட்டு நாய் என்னை முந்திவிட்டது. நான் கோபப்படவில்லை. அதற்குத் தலையில் முடியாவது இருக்கிறது.

ஆகஸ்டில் லீவு கிடைத்தால் வருவேன், என் எலிசாள் போன பிறகு அந்த ஊரில் என்னைக் கண்டால் ஓடிவர அவள் வளர்த்த இந்த ஒரு சீவன்தான் மிச்சம் என்று எழுதியிருந்தீர். உலகம்மாள்தான் கடிதத்தை உரக்க வாசித்தாள். அந்த இடம் வந்ததும், அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். அடுப்பு அணைந்துதான் கிடந்தது.

ஊர்ச் செய்தி. மழை இந்த வருஷம் சொன்ன தேதிக்கு வந்துவிட்டது. சாலைக் கம்போளத்தில் கடைவாசலெல்லாம் முழங்காலளவு தண்ணீர். தண்ணீருக்குப் பயந்து எலியெல்லாம் ஆரியசாலைக்குக் குடிவந்திருக்கின்றன. என் கிட்டங்கியில் உளுந்து மூட்டை ஒன்றுவிடாமல் வாசல் வைத்திருக்கின்றன. வியாபாரிகள் சங்கத்துக்கு என்னையே மறுபடியும் காரியதரிசி ஆக்கிவிட்டார்கள். வேறு யாருக்கும் தமிழில் தீர்மானம் எழுத வராது, என்னளவுக்கு வெட்கம் கெட்டுப் பேசவும் வராது.

இனி, சின்ன விஷயம் ஒன்று. திவானுக்கு நேற்றிலிருந்து வயிறு சரியில்லை. பயப்படாதீர். காலையில் என்னோடு கடைக்கு வந்தது. பத்து மணிக்கு மேல் வாந்தி எடுத்தது. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். உலகம்மாள், "ஐயோ, வாயெல்லாம் நுரையாட்டு வருதே" என்று தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி புகட்டினாள். பிறகு பால். எங்கள் வீட்டில் தலைவலிக்கும் அதுதான், தங்கை கல்யாணத்துக்கும் அதுதான்.

மத்தியானம் மிருக ஆஸ்பத்திரிக்கு ரிக்ஷாவில் கொண்டு போனேன். திவான் என் மடியில், என் வேட்டி திவானின் வாந்தியில். ஊர் முழுக்கப் பார்த்தது. அங்கே வராந்தாவில் யார் என்கிறீர், நம்முடைய பொரிகடலை மைதீன்! வயிறு உப்பிய ஆட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போன வருஷச் சங்கக் கூட்டத்துக்குப் பிறகு என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவன், நாயைப் பார்த்துவிட்டு எழுந்து எனக்கு இடம் விட்டான்.

டாக்டர் நல்ல மனிதர். நாயை வராந்தாவிலேயே வைத்து அமுக்கிப் பார்த்தார், வாயை முகர்ந்து பார்த்தார். "எந்தா தின்னது?" என்று கேட்டார். மூன்று தடவை கேட்டார். மூன்றாம் தடவை, "சத்யம் பறயணும் கேட்டோ" என்று, நிசத்தைச் சொல்லவேண்டும் என்கிற மாதிரி சிரித்தபடி சொன்னார். ரோட்டில் ஏதோ அழுகலைத் தின்றிருக்கும் சார் என்றேன். ஊசி போட்டார், பொடி கொடுத்தார், கஞ்சித் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். இன்று காலை கஞ்சி குடித்தது. குடித்துவிட்டு என் காலடியில் படுத்திருக்கிறது. மூச்சுத்தான் கொஞ்சம் வேகம்.

நீர் கம்பெனி ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். நாய் ஆகாத எதையாவது தின்றுவிட்டால் முதலில் என்ன செய்யவேண்டும் என்று ஒரு வரி எழுதும். இந்தக் கேள்வி உம்மிடம் வந்து சேரப் பத்து நாள், பதில் வரப் பத்து நாள். ஆனாலும் கேட்டுவைக்கிறேன். என் புத்தி உமக்குத் தெரியாததா?

இப்படிக்கு,
நீர் கவலைப்படக் கூடாது என்று கவலைப்படும்
வன்னியபெருமாள்


ஆரியசாலை
17-6-1977, வெள்ளி

நேசையா,

செவ்வாய்க்கிழமை போட்ட கடிதமும் இதுவும் உமக்கு ஒன்றாகவே வந்து சேரலாம். அதை முதலில் பிரித்திருந்தால் தெரிந்துகொள்ளும், அதில் இருப்பதில் ஒன்று பொய். எது என்று இதில் எழுதுகிறேன்.

திவான் புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் போய்விட்டது.

தந்தி கொடுக்கலாம் என்று தபாலாபீசுக்குப் போனேன். தந்தி எழுதுகிற பாரத்தை வாங்கி உம் விலாசத்தை எழுதினேன். மேலே எழுத வரவில்லை. பின்னால் நின்றவர் கனைத்தார். பாரத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அது ரோட்டில் எதையும் தின்னவில்லை. என் கிட்டங்கியில் நான் வைத்த எலிப்பாஷாணத்தைத் தின்றது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கருவாட்டுத் துண்டு ஆறில் அந்தக் கறுப்புப் பொடியைத் தடவி மூட்டைகளுக்கு இடையில் நானே வைத்தேன். காலையில் யாரும் வருவதற்கு முன்னால் பொறுக்கிவிடலாம் என்று நினைப்பு. திங்கள் காலை கதவைத் திறந்ததும் உளுந்து லாரி வந்துவிட்டது. ரசீதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினால், திவான் மூட்டைச் சந்திலிருந்து வாயை நக்கிக்கொண்டு வருகிறது. எண்ணினேன். நாலு இருந்தது. மற்ற இரண்டை எலி தின்றிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கவேண்டும். நான் நாலையும் காகிதத்தில் சுற்றி ஒளித்துவைத்தேன். வாந்தி எடுக்கும்வரை இரண்டு மணி நேரம் கடையில் உட்கார்ந்து வியாபாரம் செய்தேன். அதன் முகத்தைப் பார்த்துப் பார்த்து வியாபாரம் செய்தேன்.

டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர். போன வருஷம் மைதீன் கிட்டங்கியில் இதே மருந்தை வைத்து நாலு கோழி செத்தது உமக்குத் தெரியாது. நீர் போன பிறகு நடந்தது. தின்கிற சரக்கு இருக்கிற இடத்தில் பாஷாணம் வைத்தவன் கடைக்கு இனி யாரும் சரக்குக் கொடுக்கக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம். எழுதியவன் நான். எழுதியதோடு விட்டேனா? மைக்கைப் பிடித்துக்கொண்டு, மைதீன் கடையில் பொரிகடலை வாங்குகிறவர்கள் கூடவே உயிலும் எழுதி வைத்துவிடுங்கள் என்றேன். கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தார்கள். மைதீனும் சிரித்தான், வேறு என்ன செய்வான். அதற்குப் பிறகு ஆறு மாதம் அவன் கடைப்படி ஏற ஆளில்லை.

அந்த மைதீன் ஆட்டோடு மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது டாக்டர், என்ன தின்றது என்று கேட்கிறார். நான் நாயைப் பார்க்கவில்லை, நேசையா. மைதீனைப் பார்த்தேன். ரோடு என்றேன்.

செவ்வாய் சாயங்காலம், உமக்கு அந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டு வந்தேன். திவானால் எழுந்து நிற்க முடியவில்லை. பின்னங்கால் இழுத்தது. வாந்தியில் ரத்தம். உலகம்மாள் மறுபடியும் பாலைக் கொண்டுவந்தாள். அப்போது வாசலில் மைதீன் குடையோடு நிற்கிறான். அவனே சொன்னான்: "அண்ணாச்சி, நேத்து ஆஸ்பத்திரியில அதுக்க வாயில காஸ் லைட்டுக் கார்பைடு கல்லு வாசம் அடிச்சுது. எனக்கு அந்த வாசம் தெரியும், மறக்காது. பாலும் எண்ணெயும் கொடுக்காதிய, அது விஷத்த உள்ள இழுத்துரும். எனக்கிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம். டாக்டர்கிட்ட போயி சொல்லுங்க. நான் வெளிய ஒருத்தர்ட்டயும் மூச்சு விடமாட்டேன்."

உலகம்மாள் என்னைப் பார்த்தாள். பால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்கும் அப்போதுதான் தெரியும். அவள் தன் கையாலேயே திங்கட்கிழமை எண்ணெயும் பாலும் புகட்டியிருக்கிறாள். நான் பக்கத்தில் நின்று வாயைப் பிடித்துக்கொடுத்தேன். இன்றுவரை அவள் என்னிடம் பேசவில்லை. சோறு வைக்கிறாள், போகிறாள்.

மைதீன்தான் டாக்ஸி பிடித்தான். டாக்டர் வீட்டுக்கே போனோம். சுற்றி வைத்திருந்த காகிதத்தையும் பாஷாணப் பொட்டலத்தையும் அவர் மேசையில் வைத்தேன். பொட்டலத்தைப் படித்தார். என்னைத் திட்டவில்லை. நேற்று வந்த உடனே சொல்லியிருந்தால் வயிற்றைக் கழுவியிருப்பேன், கஞ்சியே கொடுக்கச் சொல்லியிருக்க மாட்டேன், வயிற்றில் சாப்பாடு விழுந்தால்தான் இந்த மருந்து வேகம் பிடிக்கும் என்றார். பிறகு மலையாளத்தில் மெதுவாக, பத்து நாயில் ஆறைக் காப்பாற்றியிருக்கிறேன், எல்லாம் முதல் இரண்டு மணி நேரத்தில் வந்தவை என்றார். குளுக்கோஸ் ஏற்றினார். முடிந்ததையெல்லாம் செய்தார். ராத்திரி வீட்டுக்குத் தூக்கி வந்தோம்.

புதன்கிழமை காலை கடைசி வரைக்கும் நினைவு இருந்தது. உமக்கு மறைக்கப் போவதில்லை, வலி இருந்தது. உலகம்மாள் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு எலிசாள் மதினி கூப்பிடுகிற மாதிரி, "ஏ திவானு, ஏ ராசா" என்று கூப்பிட்டாள். காதை அசைத்தது. என்னையும் ஒரு தடவை பார்த்தது. நான்தான் செய்தேன் என்று அதற்குத் தெரிந்திருந்தால் அந்தப் பார்வையைத் தாங்கியிருப்பேன்.

கரமனையில் உம் வீட்டுச் சாவி என்னிடம்தானே இருக்கிறது. உம்மிடம் கேட்காமல் கிணற்றுக்குக் கிழக்கே குழி வெட்டினோம். நானும் மைதீனும். மழையில் குழி நிறைய நிறைய இறைத்து இறைத்து வெட்டவேண்டியிருந்தது. அவன் பாதிக்கு மேல் வெட்டினான். எனக்கு மூச்சு வாங்கியது.

நேற்று சங்கத்தைக் கூட்டி நடந்ததைச் சொன்னேன். மைதீனிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். எல்லாரும் சிரிப்பதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். நான் வாயைத் திறந்தாலே அவர்களுக்கு அப்படித்தான் பழக்கம். முடியும்வரை ஒருவரும் சிரிக்கவில்லை. மைதீன், போதும் உக்காருங்க அண்ணாச்சி என்றான். காரியதரிசி வேலையை விட்டுவிட்டேன். என் கடைக்குச் சரக்கு வருமா என்று தெரியவில்லை. அது என் பாடு.

என் பயம் வேறு. இதை வாசித்துவிட்டு, இனி அந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நீர் லீவை வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிடுவீர். உம் குணம் எனக்குத் தெரியும். கோபப்பட மாட்டீர். திட்ட மாட்டீர். ஒன்றுமே எழுதாமல் அங்கேயே இருந்துவிடுவீர். அந்த ஒன்றை மட்டும் செய்யாதீர் ஓய். எலிசாள் மதினியின் கல்லறைக்கு ஒருவர் வரவேண்டும். உலகம்மாளுக்கு உம்மிடம் அழவேண்டியிருக்கிறது, என்னிடம் அழமாட்டாள்.

ஆகஸ்டில் எந்தத் தேதி என்று நீர் எழுதாவிட்டாலும் சரி, முதல் தேதியிலிருந்து தம்பானூர் ஸ்டேஷனில் பம்பாய் வண்டி வருகிற ஒவ்வொரு நாளும் நிற்பேன். நீர் என் முகத்தைப் பார்க்கவேண்டாம். பேசவேண்டாம். நேராக நடந்து போம். பெட்டியை மட்டும் என் கையில் கொடுத்துவிடும், நான் பின்னாலேயே வருவேன்.

உம்மைத் தெய்வம் காக்கட்டும்.

வன்னியபெருமாள்